அம்மாவுக்குத் தறிச்சத்தத்தில்தான் காது கேட்டது

எங்கள் வீடு சோமனூருக்கும் பல்லடத்துக்கும் நடுவில், தறிக்குடோனோடு ஒட்டியே இருந்தது. எட்டு விசைத்தறிகளில் காடாத்துணி கூலிக்கு நெய்துகொண்டிருந்தோம். பாவும் ஊடைநூலும் துணி வியாபாரி கொடுப்பார். நெய்த துணியை அவரிடமே சேர்த்துக் கூலி வாங்கி வருவார் அப்பா. அப்பாவும் பெரியப்பாவும் ஷிப்ட் மாற்றித் தறி ஓட்ட, அம்மா தார் சுற்றுவதும் அறுந்த இழையைப் பிணைப்பதுமாக இருப்பார். ஆள் வராத நாளில் நான்கு தறிகளைத் தனியாகவே பார்த்துக்கொள்வார்.

2012-ஆம் ஆண்டு, மின்வெட்டு கடுமையாக இருந்த நாட்களில், நான் கைக்குழந்தையோடு பிறந்த வீட்டில் இருந்தேன். ஒருநாள் பிற்பகலில் எட்டுத் தறிகளும் ஓடிக்கொண்டிருக்கையில் அம்மாவின் பக்கவாட்டில் போய் நின்று, "அம்மா, பாப்பாவுக்குத் தண்ணி காய வெக்கட்டுமா?" என்று கத்திக் கேட்டேன். நூலில் இருந்து கண்ணை எடுக்காமலே, "வெய்யி கண்ணு, சித்தே பொறுத்து வர்றேன்" என்றார். சற்று நேரத்தில் கரண்ட் போயிற்று. தறிகள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, எதிர்வீட்டுக் கோழி கேறுவதுகூடக் கேட்கும் அமைதி வந்தது. அதே இடத்தில் நின்று, வழக்கமான குரலில், குழந்தையின் துண்டு எங்கே என்று கேட்டேன். அம்மா அசையவில்லை. மூன்றாம் முறை தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பிப் பார்த்தார்.

அம்மாவுக்குக் காது மந்தம் என்பது எங்களுக்கு முன்பே தெரியும். தம்பி பிறந்த சில ஆண்டுகளிலேயே, முப்பது வயதுக்குள், அது தொடங்கிவிட்டது. அப்போதே பக்கத்து நகரத்தில் ஒரு மருத்துவரிடம் அப்பா கூட்டிப்போயிருக்கிறார். எந்த ஊர், என்ன தொழில் என்று கேட்ட அந்த மருத்துவர், தறியில் இருக்கிறவர்களுக்கெல்லாம் இப்படித்தான் ஆகும், சத்தத்தில் நரம்பு செத்துவிட்டது, செய்வதற்கு ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த ஒரு வாக்கியத்தை நம்பியே இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. கூப்பிட்டால் ஏன் என்று கேட்காத அழுத்தக்காரி என்று அப்பத்தா கடைசி வரையில் அம்மாவைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அதை அம்மா மறுத்துப் பேசி நான் பார்த்ததில்லை. அவர் காதில் அது விழுந்ததா என்பதும் எனக்குத் தெரியாது.

ஆனால் சத்தத்தில் போன காது என்றால், சத்தத்தில் எப்படிக் கேட்கும்? அப்பாவுக்கும் அப்போது காது குறைந்துதான் இருந்தது. ஆனால் அவருக்கு நேர்மாறு. அமைதியான திண்ணையில் உட்கார்ந்து பேசினால் எல்லாம் கேட்கும். கல்யாண மண்டபத்திலோ சந்தையிலோ ஒரு சொல்லும் பிடிபடாது. ஒரே குடோனில், ஒரே தறிகளின் நடுவில் வாழ்ந்த இருவருக்கும் எதிரெதிராக இருந்ததைக் கண்டபோதுதான் எனக்கு முதல் சந்தேகம் எழுந்தது. நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள். ஒலியைப் பற்றி ஆண்டுதோறும் பாடம் எடுப்பவள். அடுத்த ஆண்டு கோயம்புத்தூரில் ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் இருவரையும் அழைத்துப்போனேன்.

அந்த மருத்துவர் முதலில் எந்தக் கருவியையும் பூட்டவில்லை. மேசை இழுப்பறையிலிருந்து 512 ஹெர்ட்ஸ் இசைக்கவை ஒன்றை எடுத்து, முழங்கையில் தட்டி, அதன் காம்பை அம்மாவின் காதுக்குப் பின்னுள்ள எலும்பில் வைத்தார். பிறகு அதன் கிளைகளைக் காதுக்கு முன்னால் காட்டினார். எதில் சத்தம் அதிகம் என்று கேட்டார். நல்ல காதுக்கு, காற்று வழியாக வரும் ஒலியே உரக்கக் கேட்கும். உள்காது நரம்பு பழுதுபட்டவருக்கும் அந்த வரிசை மாறாது, இரண்டுமே குறைந்து கேட்கும். அம்மா தயக்கமே இல்லாமல் காதுக்குப் பின்னால் விரலைக் காட்டினார். 1855-இல் ரின்னே என்ற ஜெர்மானிய மருத்துவர் எழுதிவைத்த சோதனை இது. ஒரு நிமிடம்கூட ஆகாது. இசைக்கவைப் பெட்டி எங்கள் பள்ளி ஆய்வகத்தின் அலமாரியில் நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து இருக்கிறது. எத்தனையோ பிள்ளைகளின் கையில் அதைக் கொடுத்திருக்கிறேன், அம்மாவின் காதருகே ஒருநாளும் கொண்டுபோனதில்லை. இதை நினைக்காமல் இன்றும் என்னால் அந்த அலமாரியைத் திறக்க முடிவதில்லை.

அம்மாவுக்கு இருந்தது ஓட்டோஸ்கிளீரோசிஸ். நடுக்காதில் மூன்று சிறு எலும்புகள் உண்டு. கடைசி எலும்பான அங்கவடி ஏறத்தாழ 3 மில்லிமீட்டர்தான், உடம்பிலேயே மிகச் சிறிய எலும்பு அது. செவிப்பறையின் அதிர்வை உள்காதுக்குள் தள்ளும் உலக்கை போல அது அசைய வேண்டும். இந்நோயில் அதன் அடித்தட்டைச் சுற்றிப் புதிய எலும்பு வளர்ந்து, அதை அசையாமல் பூட்டிவிடுகிறது. பெரும்பாலும் இருபது, முப்பது வயதுகளில் தலைகாட்டும். மருத்துவரிடம் வருபவர்களில் ஆண்களைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு பெண்கள். பிள்ளைப்பேறு இதை முடுக்கிவிடும் என்று மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. பிள்ளை பெற்ற பெண்களையும் பெறாத பெண்களையும் ஒப்பிட்ட பிற்கால ஆய்வுகள் அதற்கு உறுதியான ஆதரவு தரவில்லை. முப்பதை ஒட்டிய வயதில்தான் நோயும் வருகிறது, பிள்ளைகளும் பிறக்கிறார்கள் என்பதால் இரண்டையும் முடிச்சுப்போடுவது எளிதாகிவிட்டது என்றே எனக்குப் படுகிறது. அங்கவடியை எடுத்துவிட்டுச் செயற்கைத் துண்டு பொருத்தும் அறுவை சிகிச்சையை 1956-இல் அமெரிக்கரான ஜான் ஷே செய்துகாட்டிவிட்டார். அம்மா பிறந்தது அந்த ஆண்டில்தான். செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அவரைத் திருப்பி அனுப்பியபோது, செய்வதற்கு முப்பது ஆண்டு பழகிய ஒரு வழி இருந்தது.

தறிச்சத்தத்தில் அவருக்குக் கேட்டதற்கும் அங்கேயே விடை கிடைத்தது. 1672-இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் ஒரு பெண்ணைப் பற்றி எழுதியிருக்கிறார்: அறைக்குள் முரசு அடித்தால்தான் அவளுக்குப் பேச்சுக் கேட்குமாம், அவளோடு பேசுவதற்காகவே கணவன் முரசடிக்கத் தெரிந்த வேலையாளை வைத்திருந்தானாம். இரைச்சல் இருக்கும் இடத்தில் எல்லாரும் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறோம். நல்ல காதுக்கு அந்த உயர்ந்த குரலோடு இரைச்சலும் முழுதாக நுழைந்து பேச்சை மூடிவிடும். அங்கவடி பூட்டிய காதுக்கோ இரைச்சல் வாசலிலேயே பெரும்பகுதி தடுக்கப்படுகிறது. உயர்த்திய குரல் மட்டும் தடுப்பைத் தாண்டி, பழுதில்லாத உள்காதைப் போய்ச் சேர்கிறது. இதோடு, தறிக்காரர்கள் எல்லாரையும் போல அம்மாவும் உதட்டசைவைப் பார்த்துப் பழகியவர். எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல இயலாது. அந்த எலும்பே பஞ்சு வைத்தது போல இருந்து உள்காதைத் தறியிடமிருந்து ஓரளவு காப்பாற்றியிருக்கலாம் என்றும் மருத்துவர் சொன்னார்.

எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று காட்டும் வரைபடம்தான் ஆடியோகிராம். அப்பாவுடையது வேறு படம். தாழ்ந்த சுருதிகளில் கோடு நன்றாகவே ஓடி, 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளத்தில் விழுந்து, கொஞ்சம் ஏறி, பிறகு முதுமையின் சரிவில் இறங்கியது. நாடா அடிக்கும் தறி ஓடும் குடோனில் 95 டெசிபலுக்கு மேல் சத்தம் இருப்பது வழக்கம். நாளுக்கு 8 மணி நேரம் என்றால் 85 டெசிபல்தான் தாங்கத்தக்கது, அதற்குமேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ் வகுத்த கணக்கு. அதன்படி 100 டெசிபலில் கால் மணி நேரம்தான் நிற்கலாம். அப்பா 12 மணி நேர ஷிப்ட் பார்த்தவர். ஒரு காதில் உள்ள ஏறத்தாழ 3,500 உள்வரிசை மயிர்ச்செல்களும் 12,000 வெளிவரிசை மயிர்ச்செல்களும் பிறக்கும்போது வந்தவை. மனிதருக்கு அவை மறுபடி முளைப்பதில்லை.

ஆக, அப்பாவுக்குத் தறி, அம்மாவுக்குப் பிறவிக்கூறு என்று கதையை முடித்துவிடலாம் போல இருந்தது. பெரியப்பா குறுக்கே வந்தார். அப்பாவை விட நான்கு வயது மூத்தவர். அதே குடோனில் அதே ஆண்டுகள், இரவு ஷிப்ட் அதிகம் பார்த்தவரும் அவர்தான். எழுபது வயதிலும் ரேடியோவைச் சின்னதாக வைத்துத்தான் கேட்பார்.

இந்தப் புதிருக்கு எலிகளிடத்தில் தெளிவான விடை உண்டு. ஆய்வுக்கூடங்களில் பெருவாரியாக வளர்க்கப்படும் சி57 என்ற கருப்பு எலி இனம், நடுவயதிலேயே உயர்ந்த சுருதிகளில் காது இழந்துவிடும். சிபிஏ என்ற இனமோ கிழமாகும் வரை நன்றாகக் கேட்கும். ஒரே அளவு இரைச்சலைக் கேட்கவைத்தால் முதல் இனத்துக்கே சேதம் அதிகம். காரணங்களில் முக்கியமானது, மயிர்ச்செல்லின் நுனிமயிர்களை ஒன்றோடொன்று இழுத்துக்கட்டும் கேட்ஹெரின்-23 என்ற புரதத்தின் மரபணுவில் உள்ள ஒற்றை எழுத்து மாற்றம். பாவு நூலின் முறுக்குத் தரம் மட்டமாக இருந்தால் அதே தறியில் அதே வேகத்தில் அந்தப் பாவு மட்டும் அறுந்துகொண்டே இருக்குமே, அப்படி. தறியும் உண்மை, நூலும் உண்மை. அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் எந்த மரபணுவில் வேறுபாடு என்று யாரும் பார்க்கவில்லை, பார்க்கத் தேவையுமில்லை. ஒரே தாய் வயிற்றுப் பிள்ளைகளுக்கும் பாதிச் சீட்டுகள் வெவ்வேறாகத்தான் விழுகின்றன.

மனிதரில் இதை அளந்து பார்த்தவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஃப்ரேமிங்ஹாம் ஊர்க் குடும்பங்களைத் தலைமுறையாகத் தொடர்ந்த ஆய்விலிருந்து 1999-இல் வந்த கணக்குப்படி, முதுமையில் உயர்சுருதிக் கேள்வித்திறன் குறைவதில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் 35 முதல் 55 விழுக்காடு மரபணுவால் விளக்கப்படுகிறது. இதை, ஒருவரது காதுக்கேட்டில் பாதி பெற்றோர் தந்தது, பாதி தறி தந்தது என்று வாசிக்கக்கூடாது. இது ஒரு கூட்டத்தினரிடையே உள்ள ஏற்றத்தாழ்வைப் பற்றிய எண். தனி ஆளைப் பிளந்து காட்டும் எண் அல்ல. அந்த ஆய்வில் என்னை நிறுத்தியது வேறொரு செய்தி. ஆண்களை விடப் பெண்களிடத்தில், தாய்க்கும் மகளுக்கும், அக்காவுக்கும் தங்கைக்கும் இடையில், ஒற்றுமை வலுவாகத் தெரிந்தது. ஆண்களின் காதில் வெளியுலகம் அதிகம் எழுதிவிடுவதால் பிறவிக் கையெழுத்து மறைந்துபோகிறது என்று நான் அதைப் புரிந்துகொள்கிறேன். பால்டிமோர் நகரத்து நெடுநாள் ஆய்வொன்று, பெரும்பாலான வயதுகளில் ஆண்களின் கேள்வித்திறன் பெண்களை விட இரண்டு மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் குறைவதாக 1995-இல் காட்டியது. இரைச்சலான வேலை பார்க்காத ஆண்களிடத்திலும் அதுவே நிலை. பெண் ஹார்மோனான ஈஸ்ட்ரோஜனுக்கும் இதில் பங்குண்டு என்று கருதப்படுகிறது. அது பிறவியிலேயே குறைந்திருக்கும் டர்னர் நோய்க்குறிப் பெண்களுக்குக் காது முன்கூட்டியே குறைகிறது.

2019-இல் பிரிட்டனில் 40 முதல் 69 வயது வரையிலான ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேரின் மரபணுக்களை அலசி, நடுவயதுக் காதுக்குறைவோடு தொடர்புள்ள 44 இடங்களைக் கண்டறிந்தார்கள். ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறிது. அவர்களுடைய காதை அளந்து பார்க்கவில்லை. கேள்வி கேட்டுத்தான் தெரிந்துகொண்டார்கள். காது கேட்பதில் சிரமம் உண்டா என்பது ஒன்று. சுற்றிலும் இரைச்சல் இருக்கும்போது பேச்சைப் பின்தொடரச் சிரமமா என்பது மற்றொன்று. அந்த இரண்டாம் கேள்விக்கு அப்பா ஆமாம் என்றிருப்பார். அம்மா இல்லை என்றுதான் சொல்லியிருப்பார்.

மருத்துவர் எங்கள் குடும்ப மரத்தை வரைய ஒரு தாளை எடுத்தார். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். காது குறைந்தவர் என்றால் உள்ளே கருப்பு. அப்பா வழியில் ஐந்து தலைமுறை வரை அப்பாவே மளமளவென்று சொன்னார். எங்கள் பக்கத்தில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் "நீங்க என்ன கூட்டமுங்?" என்பதுதான் முதல் பேச்சு. கூட்டம் என்னும் குலப்பிரிவும் குலதெய்வக் கோயிலும் தந்தை வழியில் வருபவை. கல்யாணமாகிப் போன பெண் புகுந்த கூட்டத்துக்குரியவள் ஆகிவிடுகிறாள். அம்மா வழியைக் கேட்டபோது அம்மாவின் அம்மாவான அமுச்சியோடு நின்றுவிட்டது. அமுச்சியின் அம்மா பெயர் அம்மாவுக்கே நினைவில்லை. மரபணு தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் ஏறக்குறைய சரிபாதியாக வருகிறது. நாம் நினைவில் வைத்திருப்பதோ ஒரு பாதியைத்தான்.

பிறகு நானே காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் போய் விசாரித்தேன். அமுச்சிக்கு இரண்டாவது பிள்ளைக்குப் பின் காது மந்தம். காங்கேயத்துப் பெரியம்மாவுக்கும் முப்பதை ஒட்டித் தொடங்கியிருக்கிறது. தாராபுரத்து மாமாவுக்கு எழுபதிலும் ஒரு குறையுமில்லை. ஆனால் மாமா மகளுக்கு 32 வயதில் வந்துவிட்டது. இது அவ்வளவும் தாளில் ஏறியபோது மருத்துவரின் பேனா மாமாவின் வெள்ளைச் சதுரத்தின் மேல் நின்றது. ஓட்டோஸ்கிளீரோசிஸ் குடும்பங்களில் பெரும்பாலும் தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வரும் பழுதான மரபணுவின் ஒற்றைப் பிரதியே போதும். ஆனால் அதைப் பெற்ற பத்துப் பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்குத்தான் நோய் வெளிப்படும். மாமா தனக்கு வராமலே மகளுக்குக் கடத்தியிருக்கிறார். பிள்ளைக்கு அந்தப் பிரதி கிடைக்க இரண்டில் ஒரு வாய்ப்பு, வெளிப்படப் பத்தில் நான்கு. பெருக்கினால் ஐந்தில் ஒன்று. இது தோராயமான கணக்கே. குடும்பத்தில் வேறு எவருக்கும் இல்லாமல் இந்நோய் வருபவர்களும் நிறைய உண்டு.

காசநோய் ஊசி போட்ட பிறகு அம்மா வழியில் யாருக்காவது காது போயிருக்கிறதா என்று மருத்துவர் கேட்டார். இல்லை என்றோம். கேள்விக்குக் காரணம் பின்னால் புரிந்தது. செல்லின் ஆற்றல் உறுப்பான மைட்டோகாண்டிரியாவுக்குத் தனி மரபணுத் தொகுதி உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மகனுக்கும் கிடைக்கும், ஆனால் மகன் தன் பிள்ளைகளுக்குத் தர முடியாது. அதில் 1555-ஆம் இடத்தில் ஓர் எழுத்து மாறியிருப்பவர்களுக்கு ஸ்ட்ரெப்டோமைசின், ஜென்டாமைசின் போன்ற ஊசிகள் வழக்கமான அளவிலேயே காதைப் பறித்துவிடக்கூடும் என்பது 1993-இல் தெரியவந்தது. இந்த ஒன்றைத் தெரிந்துகொண்டு ஊசியை மாற்றினால், அந்த ஊசியால் காது போவதைத் தடுக்க முடியும். இதற்குத் தேவைப்படும் வரலாறு முழுக்க முழுக்க அம்மா, அமுச்சி, அமுச்சியின் அம்மா என்ற வரிசைதான். கூட்டத்தின் பெயரால் நாம் குறித்து வைக்காத வரிசை அது.

சொந்தத்தில் கட்டுவதைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள், அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். பிறவியிலேயே காது கேளாத குழந்தைகளுக்குப் பெரும்பாலும் காரணம் வேறு வகை. தாயும் தந்தையும் ஆளுக்கொரு பழுதான பிரதியைத் தமக்கு எந்தக் குறையும் இல்லாமல் சுமந்து, இரண்டும் குழந்தையிடம் சேரும்போது வருவது. கனெக்சின்-26 என்ற புரதத்தின் மரபணுவில் டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம் இந்தியாவில் இதற்கு அதிகம் காணப்படுவது. அத்தை மகனும் மாமன் மகளும் ஒரே தாத்தா பாட்டியின் பேரப்பிள்ளைகள் என்பதால் ஒரே பிரதி இருவரிடமும் இருக்கும் வாய்ப்புக் கூடுகிறது. பெரியவர்களான பின் குறையும் காதுக்கு இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

ஆனால் இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஊர் பேசுவதால் விளைந்த கேடு எங்கள் வீட்டில் நடந்தது. என்னைப் பெண் பார்க்க வந்தபோது, அம்மா சமையலறையை விட்டு வெளியே வரவேண்டாம் என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். குடும்பத்தில் செவுடு என்று தெரிந்தால் பேச்சு முறிந்துவிடும் என்ற பயம். மாமா வீட்டிலும் இதே மறைப்பு. அதனால்தான் மாமா மகள் இரண்டாண்டுகள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறாள். அப்பாவின் காதைப் பற்றி மட்டும் யாரும் மறைத்ததில்லை. தறி ஓட்டிய மனிதனுக்கு அது உழைப்பின் அடையாளம்; பெண்ணுக்கு அதுவே வம்சக்குறை. மறைக்கப்பட்ட குறைக்குத்தான் அறுவை சிகிச்சை இருந்தது என்பதைச் சொல்லிச் சொல்லித்தான் மாமா மகளைச் சம்மதிக்க வைத்தேன். அவளுக்கு இப்போது ஒரு காதில் அறுவை முடிந்து நன்றாகக் கேட்கிறது.

அம்மா அறுவை வேண்டாம் என்று காது மிஷினைத் தேர்ந்தெடுத்தார். உள்காது ஓரளவு நன்றாக இருந்ததால் ஒலியைப் பெருக்கியதுமே பேச்சுத் தெளிவாகிவிட்டது. குடோனுக்குள் போகும்போது மட்டும் கழற்றி, முந்தானையில் முடிந்துகொள்வார். அப்பாவுக்கும் மிஷின் வாங்கினோம். அவருக்கு ஒலி கூடுகிறதே தவிர மண்டபத்தில் பேச்சுப் பிரிந்து கேட்பதில்லை. செத்த மயிர்ச்செல்லின் வேலையை மிஷின் செய்யாது. தறியைத் தம்பி ஏற்றபோது அவனுக்கும் ஆட்களுக்கும் காதடைப்பான் வாங்கிக் கொடுத்தேன். தொழில் பழகும்போதே மாட்டிக்கொள்ளவேண்டும் என்பதை அவன் அப்பாவின் ஆடியோகிராமைக் காட்டியே ஆட்களுக்குச் சொல்கிறான்.

எனக்கு இப்போது 44 வயது. சென்ற ஆண்டுச் சோதனையில் என் இடது காதில், தாழ்ந்த சுருதிகளில், எலும்பு வழிக்கும் காற்று வழிக்கும் சிறிய இடைவெளி விழுந்திருக்கிறது. எலும்பு வழிக் கோட்டில் 2000 ஹெர்ட்ஸில் ஒரு சிறு தாழ்வு; அங்கவடி பூட்டத் தொடங்கினால் அங்கேதான் தாழும். வருடம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். என் வீட்டுக்காரரிடமும் அவர் அம்மாவிடமும் அன்று மாலையே தாளைக் காட்டிச் சொல்லிவிட்டேன்.

இந்தக் கோடை விடுமுறையில், ஆய்வகத்திலிருந்து தலைமையாசிரியரிடம் கேட்டு வாங்கிய 512 ஹெர்ட்ஸ் கவையோடு காங்கேயத்துப் பெரியம்மாவிடம் போனேன். அவருக்கு 78 வயது. இனி என்ன மருத்துவம் என்று இத்தனை ஆண்டுகளாகத் தட்டிக்கழித்தவர். கவையைத் தட்டிக் காதுக்கு முன் காட்டினேன். ஒன்றுமில்லை என்று தலையை ஆட்டினார். மறுபடி தட்டி, கொண்டையை விலக்கி, காதுக்குப் பின்னுள்ள எலும்பில் காம்பை ஊன்றினேன். பெரியம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். "இது கோயில் மணியாட்டக் கேக்குது கண்ணு" என்றார். திங்கட்கிழமை காலை ஏழரை மணிப் பேருந்தில் கோயம்புத்தூர் போனோம்.